இடது கை மயில்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, கோமளா ஊற்றிய தோசையை பங்காருசாமி ரிஜெக்ட் செய்தார்.

தோசையின் மேல் பெரிதாகக் குற்றம் இல்லை. பீளமேட்டில் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றின் கடைசி மேஜையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பழகியவர் அவர். மற்றவர்கள் வார்த்து, கடைந்து, சுற்றி, பூட்டி அனுப்புவதையெல்லாம் இவர் அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை ஒட்டும்போது மட்டும் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும் என்று கம்பெனியில் சொல்வார்கள்.

"ஏனுங்க, தோசைக்கு என்ன வந்துச்சு?"

"ஓரம் ஒரே கனமா இல்லே, கோமளா."

"நடுவுல நல்லாத்தானே இருக்குது?"

"நான் ஓரத்தைச் சொன்னேன்."

அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. சண்டைக்கு மட்டும் தமிழ். அந்த மாதம் முழுக்க வீட்டில் தெலுங்கே கேட்கவில்லை.

பருப்பு டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். வாசல் கோலத்தின் இடது பக்கம் வலது பக்கத்தைவிடச் சற்று அகலம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். பூக்காரம்மா கையால் முழம் போட்டதை டேப் வைத்துச் சரிபார்த்தார். பூக்காரம்மா மறுநாளிலிருந்து அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டாள். தலையில் பூவில்லாமல் நாலு நாள் நடமாடிய கோமளா, ஐந்தாம் நாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க எங்காச்சும் போங்க."

"எங்க போகச் சொல்றே?"

"எங்கயோ. காலையில போயிட்டு மத்தியானத்துக்கு மேல வாராங்களே ஆம்பளைங்க, அந்த மாதிரி."

போவதற்கு ஓர் இடமும் தயாராக இருந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஆரி ஒர்க் வகுப்பு. பிளவுஸ் துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி வைத்த ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துப் பூவும் கொடியும் போடுகிற வேலை. அதில் சேர்ந்தவள் கோமளா. மூன்று வகுப்பு போவதற்குள் முட்டி வீங்கிக்கொண்டது. இனி மாடிப்படி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே லிஃப்ட் கிடையாது. கட்டிய ஃபீஸும் திரும்பி வராது. ஆனால் வேண்டுமானால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றாளாம் வகுப்பு நடத்தும் ரம்ஷா.

கட்டின காசை அப்படியே விட்டுவிட்டு வருவது பங்காருசாமியின் வம்சத்தில் இதுவரை யாரும் செய்யாத காரியம். கோமளாவின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ரம்ஷாவுக்கு இருபத்தைந்து வயசிருக்கும். வாசலில் நின்றவரின் தோளில் கோமளாவின் பையைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வாங்க அங்கிள், மேடம் கீழ நிக்கறாங்களா? அவங்க படி ஏறக்கூடாதே."

"மேடம் வரலீங்க. மேடத்துக்குப் பதிலா நான்."

உள்ளே கட்டில் கட்டிலாகச் சட்டங்கள் கிடந்தன. அவற்றைச் சுற்றிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊசியை நிறுத்தினார்கள். இவர் செருப்பைக் கழற்றி, ஜோடியை நேராக வைத்து, ஓர் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் லோகப்பிரியா என்று ஒரு பெண். ஐ.டி. கம்பெனி வேலை. வைகாசியில் நடக்கப் போகிற தன் கல்யாணத்துக்குத் தானே பிளவுஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுசா வாரவங்க இதுக்கு முன்ன கையால என்னென்ன செஞ்சிருக்காங்கன்னு சொல்லோணும் அங்கிள். இங்க எல்லாரும் சொன்னோம்."

ஒருத்தி ஒயர் கூடை பின்னியிருந்தாள். ஒருத்தி காகித ஜிமிக்கி. இன்னொருத்தி கை முறுக்கு சுற்றுவாளாம். "அதுவும் கைவேலைதானே?" என்று கேட்டு, எல்லோரும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டபின் அவள் திருப்தியடைந்திருந்தாள்.

பங்காருசாமி நேர்மையாக யோசித்தார்.

"ரிஜெக்ட் பண்ணியிருக்கேனுங்க."

அறையே சிரித்தது. அவர் ஜோக் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. ஆந்திரா வரைக்கும் எத்தனையோ கிணறுகளுக்குள் அவர் ஸ்டிக்கர் ஒட்டிய மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு திருகாணிகூட அவர் திருகியது கிடையாது. இத்தனை வருஷத்தில் "இது நான் செஞ்சது" என்று யாரிடமாவது எடுத்து நீட்ட ஒரு சாமான் இல்லை. தோசை ஊற்றுகிறவளிடம் போய் இத்தனை பேசியிருக்கிறோமே என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஸ்டாப் வந்துவிட்டதால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்.

ஆரி ஊசி மோட்டாரைப் போல இல்லை. துணிக்குக் கீழே இடது கை நூலைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். மேலிருந்து வலது கை ஊசியை இறக்கி, கொக்கியில் நூலை மாட்டி, மேலே இழுத்துச் சங்கிலி சங்கிலியாகக் கோக்க வேண்டும். கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேலையை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. முதல் வாரம் சங்கிலி புழு மாதிரி நெளிந்தது. இரண்டாவது வாரம் அது நேரான புழுவாயிற்று. அதற்கடுத்த வாரம் பழகும் துணியில் இலையோடு ஒரு கொடி ஓடியது. ரம்ஷா கைதட்டினாள். லோகப்பிரியா ஃபோட்டோ எடுத்து, யார் யாருக்கோ அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் கொடியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து கோமளாவைக் கூப்பிட்டார். ஆனால் சோதிக்காத பொருளை எப்படி வெளியே விடுவது? கொடியின் நுனியில் ஜரிகை துளி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியில் மோட்டாரிலிருந்து வெளியே வரும் ஒயரையெல்லாம் இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். கையோடு வராமல் இருந்தால் பாஸ். அதே பழக்கத்தில் இதையும் பிடித்து இழுத்தார்.

வந்தது. நுனி இலை போயிற்று. அடுத்த இலை போயிற்று. வளைவு நிமிர்ந்து, தண்டு கரைந்து, டுர்ர்ரென்று ஒரு சத்தத்தோடு கொடி முழுக்க அவிழ்ந்து அவர் கையில் நீளமான நூலாகத் தொங்கியது. துணியில் பென்சில் கோடு மட்டும் மிச்சம்.

கோமளா சிரித்தாள். ஓய்வுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நின்று சிரிக்க முட்டி இடம் கொடுக்காததால் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து சிரித்தாள்.

"கடைசியில ஒரு முடிச்சு போட்டு லாக் பண்ணோணுமுங்க. ரெண்டாவது கிளாஸ்லயே சொன்னாங்களே!"

"எனக்கும் சொன்னாங்க."

"அப்புறம்?"

"டெஸ்ட் பண்ணிப்போட்டு அதுக்கப்புறம் முடிச்சு போடலாம்னு இருந்தேன்."

அவள் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள். நூலைத் திருப்பிச் சுற்றி வைக்கலாமென்று அவர் பையைத் துழாவியபோது, அதன் உள் ஜிப்பில் சுருட்டி வைத்த ஒரு ட்ரேஸ் பேப்பர் கிடைத்தது. விரித்தார். தோகையைத் தழைய விட்டு, கழுத்தை உயர்த்தி நிற்கும் ஒரு மயில். கோடு நெடுக ஊசியால் ஓட்டை குத்தி, மாவு தேய்த்தால் துணியில் இறங்கும்படி தயாராக இருந்தது.

"இது யாருது?"

சிரிப்பு நின்றது. "என்னுதுதான். நம்ம அறுபதாம் கல்யாணத்துக்கு நானே போட்டுக்கலாம்னு பாத்தேன். ரெண்டு கையிலயும் மயிலு." கொஞ்சம் நிறுத்தி, "விடுங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் தெலுங்கில் சொன்னாள். ஆகவே அது சண்டை இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. அதற்காகத்தான் சேர்ந்தாள், அதற்காகத்தான் படி ஏறினாள், முட்டி போனபோது ஃபீஸைப் பற்றி மட்டும் பேசினாள் என்பதும் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

"நான் போடறேன்" என்றார்.

கோமளா அவர் கையில் தொங்கிய நூலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எழுந்து போய் பீரோவைத் திறந்து அரக்குப் பட்டைக் கொண்டுவந்தாள். தாலி கட்டும்போது உடுத்துவதற்கென்று எடுத்தது.

"இதோட வந்த பிளவுஸ் துணி இது ஒண்ணுதானுங்க. கடையில தேடுனா இந்தக் கலர் சேராது. கெட்டுப் போச்சுன்னா போனதுதான்."

"தெரியும்."

"எதுக்கும் நான் தங்கக் கலர்ல ஒரு ரெடிமேடு வாங்கி வெச்சுக்கறேன்."

அந்த அவநம்பிக்கையை அவர் மதித்தார். ஸ்பேர் வைத்துக்கொள்ளாமல் எந்தக் கம்பெனியும் ஓடாது.

அன்றிலிருந்து காலையில் ஆர்.எஸ்.புரம், சாயந்திரம் வீட்டு ஹால். இரண்டு நாற்காலிக்கு நடுவே சட்டத்தை வைத்துக்கொண்டு குனிந்தால் காப்பி ஆறியது தெரியாது. தோசை எந்த வடிவத்தில் வந்தாலும் உள்ளே போயிற்று. பருப்பு டப்பாக்கள் தங்கள் இஷ்டத்துக்கு நின்றன. பூக்காரம்மா முதலில் தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு பழையபடி வாசலுக்கே வந்தாள். பங்காருசாமி பிழைகளைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எல்லாம் தன்னுடைய பிழைகள். ஒரு தோகைக் கண்ணை ஆறு தடவை பிரித்துப் போட்டார் என்று கோமளா மகள் மானசாவிடம் போனில் சொன்னாள். குரலில் புகாரும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

பிளவுஸின் வலது கை முடிந்தது. ரம்ஷா அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அங்கிள், இதை நான் போட்டேன்னு கஸ்டமர்கிட்ட காட்டிக்கட்டுங்களா?"

"கூடாதுங்க" என்றார். தன் வாழ்நாளிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் மறுத்ததில்லை.

அப்புறம் ரம்ஷாவின் தங்கை கல்யாணம் வந்தது. வகுப்புக்கு ஒரு வாரம் லீவு. இடது கையை அவர் வீட்டிலேயே தனியாகப் போட்டார். அதே பேப்பர், அதே மாவு, அதே ஜரிகை. முடிந்ததும் பீரோவிலிருந்து தன் வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்து, இரண்டு மயிலையும் அலகிலிருந்து தோகை வரை அளந்தார். நூல் கனத்துக்குக்கூட வித்தியாசம் இல்லை. இது கம்பெனியில் வந்திருந்தால் அவரே பச்சை ஒட்டியிருப்பார், முகம் கோணாமல்.

வகுப்பு திறந்த அன்று இரண்டு கைகளையும் சட்டத்தின் மேல் அருகருகே பரப்பினார். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். ஒயர் கூடைக்காரம்மா "ஐயோ, சாமி!" என்றாள். லோகப்பிரியா இரண்டையும் எடுத்துத் தன் இரண்டு புஜத்திலும் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அங்கிள்... இது வலது கை."

"ஆமா அம்மணி."

"இதுவும் வலது கைதான்."

"ரெண்டும் ஒண்ணா இருக்கோணுமில்ல? அளந்து பாத்துட்டேன்."

ரம்ஷா மெதுவாக அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணா இருக்கறதுதானுங்க அங்கிள் தப்பு. இடது கைக்குப் பேப்பரைத் திருப்பிப் போடோணும். அப்பத்தான் ரெண்டு மயிலும் முன்னால பாக்கும். இப்ப இடது கை மயிலு முதுகுப் பக்கம் திரும்பி நிக்குது. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சேன்னு நான் சொல்லாம விட்டுட்டேன்."

ஒரு மோட்டாருக்கும் அடுத்த மோட்டாருக்கும் மயிரிழை வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்வதையே தர்மமாகக் கொண்டு வாழ்ந்தவர் அவர். தம் மனைவிக்கு இருப்பது இரண்டு வலது கைகள் அல்ல என்பது அந்தத் தர்மத்தில் எங்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

"பிரிச்சுட்டுத் திருப்பிப் போட்டா?"

"பட்டுங்க. பிரிச்சா ஓட்டை அப்படியே தெரியும். துணியும் மிச்சமில்லையே." ரம்ஷா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "மேடம் முந்தானைய மடிப்பு வெச்சுப் பின் குத்தாம அப்படியே தொங்க விட்டாங்கன்னா இடது கை மூடிக்கும். யாருக்கும் தெரியாது."

"இப்ப அதுதான் ஸ்டைலு அங்கிள்" என்றாள் லோகப்பிரியா, தன் பங்குக்கு.

அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட நேராக வைக்காமல் உள்ளே போனார்.

"கோமளா, சரியா வரலே. நீ அந்தத் தங்கக் கலரையே போட்டுக்க."

"குடுங்க, பாக்கலாம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். முதலில் வலது கை. பிறகு இடது. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். தோகையை விரலால் தடவினாள். ஒவ்வொரு நுனியிலும் நூலை இழுத்துப் பார்த்தாள். எதுவும் அவிழவில்லை. பங்காருசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதிரிபாகம் செய்து கொண்டுவருகிறவர்கள் அவர் மேஜைக்கு முன்னால் இப்படித்தான் நிற்பார்கள். அவர்களுக்கு அவர் ஒருநாளும் நாற்காலி போட்டதில்லை. அவர்கள் ஏன் எப்போதும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது இப்போது தெரிந்தது. அவரும் அதையே பார்த்தார்.

"ஒரு மயிலு முன்னால பாக்குது."

"ஆமா."

"இன்னொண்ணு?"

"பின்னால."

"ஏனாம்?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கோணும்னு செஞ்சுபோட்டேன்." தொண்டையைச் செருமினார். "முந்தானையத் தொங்க விட்டா மறைஞ்சுக்குமாம். ரம்ஷா சொல்லுச்சு. இல்லீன்னா போடவே வேண்டாம். நானே ரிஜெக்ட்டுன்னு சொல்லிட்டேன்."

"அதைச் சொல்ற வேலையில இருந்துதான் நீங்க ரிட்டயர்டு ஆயாச்சே." துணியை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "டெய்லர்கிட்டக் குடுத்துத் தைச்சு வாங்கியாங்க. போடறதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்."

"எப்பச் சொல்லுவே?"

"நீங்க உங்க மேஜையில வந்து நிக்கறவங்களுக்கு எப்பச் சொல்லுவீங்க?"

சொல்லி அனுப்புகிறோம், போங்க என்பார். ஒரு வாரம் சொல்லி அனுப்ப மாட்டார். பங்காருசாமி டெய்லர் கடைக்கு நடந்தார்.

அந்த வாரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தைத்து வந்த பிளவுஸ் பீரோவுக்குள் போயிற்று. தங்கக் கலரும் உள்ளேதான் இருந்தது. அவர் கேட்கவில்லை. ஆனால் பீரோ திறக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருப்பது போலப் போய் வந்தார்.

கல்யாணத்தன்று பீளமேட்டு மண்டபத்தில் சொந்தம் முழுக்கக் கூடியிருந்தது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் வரிசையாக வந்து கலசத் தண்ணீரைச் சல்லடை பிடித்து இருவர் தலையிலும் ஊற்றினார்கள். சில பேர் பக்தியோடும், மச்சினன்மார் வேறு உற்சாகத்தோடும் ஊற்றினார்கள். தொப்பலாக நனைந்தபின் துணி மாற்ற இருவரும் ஆளுக்கொரு அறைக்குப் போனார்கள். பங்காருசாமி பட்டு வேஷ்டியோடு சீக்கிரமே வந்து மணையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் நாற்காலியில் அவர் அக்கா ரங்கநாயகி, நல்ல இடமாகப் பார்த்து முன்னமே பிடித்திருந்தார்.

"அம்மாவை வரச் சொல்லுங்கோ, நேரமாறது" என்றார் ஐயர்.

பங்காருசாமி கதவையே பார்த்தார். தங்கக் கலராக இருந்தால் பரவாயில்லை, துணி துணிதானே என்று சொல்லிக்கொண்டார். முந்தானை தொங்கினாலும் பரவாயில்லை, பாதியாவது பாஸ். இப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற இடத்துக்கு வந்துவிடுவோம் என்று பயந்து, எண்ணுவதை நிறுத்தினார்.

கதவு திறந்தது. மானசா அம்மாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அரக்குப் பட்டு. பிளவுஸில், மண்டப விளக்கில் மினுங்கும் தோகையோடு வலது கை மயில். அவர் கண் உடனே மறு கைக்குப் போயிற்று.

முந்தானை தொங்கவில்லை. நறுக்கென்று மடிப்பு வைத்து, தோளோடு தோளாகப் பின் குத்தப்பட்டிருந்தது. சரியாமல் இருக்க இரண்டாவதாக ஒரு பின்னும் இருந்தது. இடது கை முழுக்கத் திறந்திருக்க, அந்த மயில் கல்யாண மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது. கோமளா முட்டியைப் பார்த்து மெதுவாக அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுடைய இடது கை அவரை ஒட்டினாற்போல வந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏங் கோமளா, இந்த மயிலு என்ன, என்னையவே பாக்குது?"

பங்காருசாமி மண்டபத்து மின்விசிறியைப் பார்த்தார்.

"உங்களைப் பாக்கறதுக்குத்தானுங்க அண்ணி வெச்சிருக்கறது" என்றாள் கோமளா திரும்பாமல். "பின்னால உக்காந்து யாரு என்ன பேசறாங்கன்னு ஒரு கண்ணு வேணுமில்ல? ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்."

அக்கா குனிந்து மயிலை ஆராய்ந்தார். மயிலும் விடாமல் அவரை ஆராய்ந்தது.

"புது டிசைனாத்தான் இருக்குது. எந்தக் கடையில போட்டே?"

"கடையில இல்லீங்க. உங்க தம்பி."

"தம்பி எங்க வாங்குனான்?"

"வாங்கலீங்க அண்ணி. அவரேதான் போட்டாரு. ஊசி நூலு வெச்சு."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா எழுந்து வந்து, ஐயருக்கும் அக்கினிக்கும் இடையே தலையை நீட்டித் தம்பியின் விரல்களைப் பார்த்தார். அப்புறம் மயிலை. அப்புறம் மறுபடியும் விரல்களை.

"இவனா?"

"அவருதான்."

"எம் பேத்திக்கு ஆவணியில காதுகுத்து வெச்சிருக்குது. எனக்கொண்ணு இதே மாதிரி போட்டுக் குடுக்கட்டுமே. இதே மாதிரின்னா இதே மாதிரி, ஒண்ணு பின்னால பாக்கோணும். ஊட்ல சும்மாத்தானே உக்காந்திருக்கான்?"

"சும்மாவா?" கோமளாவின் குரலில் உண்மையாகவே கொஞ்சம் கோபம் இருந்தது. "அவருக்கு ஏதுங்க நேரம்? காலையில போனா மத்தியானத்துக்கு மேலதான் வாராரு. வந்தாலும் சட்டத்தை விட்டு எந்திரிக்கறதில்ல. தேதி இருக்குதான்னு பாத்துத்தான் சொல்லோணும். நீங்க துணிய மட்டும் கொண்டாந்து குடுத்து வையுங்க."

ஐயர் தாலியை எடுத்து நீட்டினார். மேளக்காரர் குச்சியை உயர்த்தினார். தேதி இல்லாத அளவுக்கு வேலையிருக்கும் ஓர் ஆள் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்து பார்த்தார் பங்காருசாமி. பழக்கம் விட்டுப் போயிருந்தது. முதுகை நிமிர்த்தி, முகத்தைக் கொஞ்சம் கடுகடுவென்று வைத்துக்கொண்டபோது ஓரளவுக்கு வந்தது.